இரண்டு ‘தனி’கள்: தனித்தேர்வரும் தனியார் இணையவழிப் பள்ளியும் – புனே நகர வரலாற்றின் வழியே

கடந்த சில ஆண்டுகளாகக் கல்வியியல் கருத்தரங்குகளில் ஒரு கூற்று அடிக்கடி ஒலிக்கிறது. தனியார் இணையவழி உயர்நிலைப் பள்ளி பெருந்தொற்றுக் காலம் ஈன்ற புதுமை, அதற்கு முன்வரலாறு இல்லை என்பதே அது. தொழில்நுட்பத்தை மட்டும் கருதினால் இக்கூற்று ஓரளவு பொருந்தும். பள்ளியைச் சட்டவடிவமாகவும் சமூக உறவாகவும் காணும் வரலாற்று மாணவர் இதை எளிதில் ஏற்கமாட்டார். பள்ளி வளாகத்துக்கு வெளியே படித்து, வேறோர் அமைப்பு நடத்தும் தேர்வை எழுதிச் சான்றிதழ் பெறும் வழி இந்நாட்டில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே திறந்திருந்தது. அவ்வழியில் வந்தவரைத் தமிழில் ‘தனித்தேர்வர்’ என்கிறோம். ‘பிரைவேட்டாக எழுதினான்’ என்பது பேச்சுவழக்கு. மராத்தியில் ‘காஜ்கி’ மாணவர் என்பர்.

இங்கு ஒரு சொல் நுட்பம் கவனத்துக்குரியது. ‘தனித்தேர்வர்’ என்பதில் உள்ள ‘தனி’ எந்த நிறுவனத்தையும் சாராத நிலையைக் குறிக்கிறது. ‘தனியார் பள்ளி’ என்பதில் உள்ள ‘தனி’ அரசு சாராத உடைமையைக் குறிக்கிறது. முதலாவது இல்லாமையின் பெயர். இரண்டாவது உடைமையின் பெயர். இவ்விரண்டும் ஒரே மாணவரிடம் சந்திக்கும் இடமே இன்றைய தனியார் இணையவழிப் பள்ளி. அச்சந்திப்பு எவ்வாறு நேர்ந்தது, அதில் எது கைவிடப்பட்டது என்பதைப் புனே நகரின் கல்வி வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இப்பதிவின் நோக்கம்.

என் வாதத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். இணையவழிப் பள்ளி தனித்தேர்வரின் உரிமையை மரபாகப் பெற்றுள்ளது. அவ்வுரிமையைப் புனேயில் முதலில் உரத்துக் கோரியவர், அதனோடு வேறொரு கோரிக்கையையும் ஒரே விண்ணப்பத்தில் வைத்தார். அந்த இரண்டாவது கோரிக்கை உதிர்ந்துவிட்டது.

இன்றைய அமைப்பு

புனேயில் உள்ள ஒரு குடும்பம் தன் மகளை இணையவழி உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பதாகக் கொள்வோம். ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படுகிறது. வகுப்புகள் காணொளி வழியாக நடைபெறுகின்றன. ஆசிரியர் ஒரு நகரில் இருப்பார். வகுப்புத் தோழர்கள் பல நகரங்களில், சில வேளை பல நாடுகளில் இருப்பர். விளையாட்டுப் பயிற்சியில் நாளின் பெரும்பகுதியைச் செலவிடுவோர், உடல்நலக் குறைவால் நெடுந்தொலைவு செல்ல இயலாதோர், அடிக்கடி இடம் மாறும் குடும்பங்களின் பிள்ளைகள், வழக்கமான வகுப்பறையில் இழிவுக்கு ஆளானோர் எனப் பலருக்கு இது பயன்படுகிறது. இப்பயனைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

ஆனால் சான்றிதழ் வழங்குவது யார்? இந்தியச் சட்டத்தின் பார்வையில் பள்ளி ஓர் இடம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்குரிய தகுதிகளை வரிசைப்படுத்துகிறது: எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற கட்டடம், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையேனும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி. இந்த வரையறைக்குள் இணையவழிப் பள்ளி அடங்காது. எனவே அதில் பயிலும் மாணவி தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்திலோ, அயல்நாட்டுத் தேர்வு அமைப்பொன்றிலோ தேர்வராகப் பதிந்துகொள்கிறாள். கற்பிப்பது ஓர் அமைப்பு. சான்று தருவது மற்றோர் அமைப்பு. இந்தப் பிரிவினையே நம் வரலாற்றுக்குரிய தொடக்கப் புள்ளி.

தேர்வு பள்ளியிலிருந்து பிரிந்த காலம்

1857-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டன. அவை தொடக்கத்தில் கற்பிக்கும் நிறுவனங்களாக இல்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிறுவனங்களாகவே இருந்தன. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் மெட்ரிகுலேஷன் தேர்வு 1859-இல் நடந்தது. அதில் தேறிய 21 பேருள் மகாதேவ கோவிந்த ரானடேயும் ராமகிருஷ்ண கோபால் பண்டார்கரும் இருந்தனர். பின்னாளில் இருவருமே புனேயின் அறிவு வாழ்வில் ஆழமாகப் பதிந்தவர்கள்.

தேர்வு பள்ளியிலிருந்து பிரிந்து தனி நிறுவனமாக நின்றதால் இரு விளைவுகள் தோன்றின. முதலாவது, பள்ளியின் பெருமை அதன் தேர்வு முடிவுகளால் அளக்கப்பட்டது. விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர், பால கங்காதர திலகர், கோபால் கணேஷ் ஆகர்கர் முதலியோரின் முயற்சியால் 1880-இல் புனேயில் தொடங்கப்பட்ட நியூ இங்கிலீஷ் ஸ்கூல், அரசுப் பொறுப்பிலும் மிஷனரிப் பொறுப்பிலும் இல்லாத சுதேசித் தனியார் பள்ளி. மெட்ரிகுலேஷன் தேர்வில் அதன் மாணவர் பெற்ற வெற்றியே சில ஆண்டுகளில் அதற்குப் புகழ் தேடித் தந்தது. அதன் தொடர்ச்சியாக 1884-இல் தக்காணக் கல்விக் கழகமும் 1885-இல் ஃபெர்குசன் கல்லூரியும் உருவாயின. இன்று ‘தனியார் பள்ளி’ என்று நாம் சொல்வதன் புனே முன்னோடி இது.

இரண்டாவது விளைவு, பள்ளியில் சேராதவரும் தேர்வை எழுதலாம் என்ற வாய்ப்பு. வினாத்தாளுக்கு விடையளிக்கும் தாள், அதை எழுதியவர் எந்த வகுப்பறையில் அமர்ந்திருந்தார் என்று கேட்பதில்லை. இந்த வாய்ப்பு யாருக்கு உரியது என்ற கேள்வியைப் புனேயில் கூர்மையாக எழுப்பியவர் ஜோதிராவ் புலே.

1848: பள்ளிக்கு நடந்து செல்லுதல்

புலேயின் கோரிக்கையை அறிய அவர் நடத்திய பள்ளிகளை முதலில் காண வேண்டும். 1848-இல் புனேயின் புதவார் பேட்டையில் உள்ள பிடேவாடாவில் ஜோதிராவும் சாவித்திரிபாயும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். சாவித்திரிபாய் பள்ளிக்கு நடந்து செல்லும் வழியில் அவர் மீது சேறும் சாணமும் வீசப்பட்டன. மாற்றிக்கொள்ள மற்றொரு புடவையை அவர் எடுத்துச் செல்வார் என்று மரபு நினைவுகூர்கிறது. இச்செய்தியை நாம் பெரும்பாலும் அவருடைய மனவுறுதிக்குச் சான்றாகவே சொல்கிறோம். அதை வேறு வகையிலும் வாசிக்கலாம். எதிர்த்தவர்களின் சினம் பாடநூலின் மீது மட்டும் எழுந்ததன்று. தெருவில் ஒரு பெண் ஆசிரியராக நடந்து வருவதன் மீதும் எழுந்தது. இல்லத்துக்குள் எழுத்தறிவு பெற்ற உயர்சாதிப் பெண்கள் அதற்கு முன்பும் சிலர் இருந்தனர். பள்ளி என்ற பொதுஇடத்துக்குப் பெண்ணும் தீண்டப்படாதவராக ஒதுக்கப்பட்டவரும் வந்து அமர்வதே புதிது. பள்ளிக்கு நடந்து செல்லுதல் ஓர் அரசியற்செயலாக இருந்தது.

1850-களின் தொடக்கத்தில் புலே பள்ளிகளின் மாணவியருக்குப் பொதுமக்கள் முன்னிலையில் தேர்வு நடத்தப்பட்டது, பெருங்கூட்டம் திரண்டது. 1852-இல் விச்ராம்பாக் வாடாவில் அரசு புலேயைப் பாராட்டிச் சிறப்பித்தது. 1855-இல் மாங் சமூகத்தைச் சேர்ந்த மாணவி முக்தா சால்வே, தம் மக்களும் மகர் மக்களும் படும் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை ‘ஞானோதயா’ இதழில் வெளிவந்தது. ஒரு பள்ளி மாணவியின் கட்டுரை நகரின் விவாதத்தில் இடம்பெற்றது, அப்பள்ளிக்கு ஒரு பொதுவெளி இருந்தமையால்தான்.

அதே 1855-இல் புலே தம்பதியர் உழைப்பாளர்க்கும் உழவர்க்கும் இரவுப் பள்ளியும் தொடங்கினர். பகலில் வர இயலாதவருக்குப் பள்ளி தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. ‘நெகிழ்வான கால அட்டவணை’ என்று இன்றைய விளம்பரங்கள் கூறுவதன் முன்னோடி புனேயில் கூலி உழைப்பாளரின் இரவுப் பள்ளியே.

1882: ஒரு விண்ணப்பம், இரு கோரிக்கைகள்

1882-இல் ஹன்டர் தலைமையிலான கல்விக் குழு புனேக்கு வந்தது. அக்குழுவுக்குப் புலே அளித்த விண்ணப்பம் இந்தியக் கல்வி வரலாற்றின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று. நிலவரி செலுத்தும் உழவரின் பணத்தில் உயர்சாதியினரின் உயர்கல்வி நடக்கிறது என்ற குற்றச்சாட்டும், குறிப்பிட்ட வயதுவரை தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையும் பரவலாக அறியப்பட்டவை. உழவர் சமூகங்களிலிருந்தே ஆசிரியர்களை உருவாக்குதல், மகர், மாங் சிறுவர்க்குப் பள்ளிகள், மோடி எழுத்து, கணக்கு, வேளாண்மை, உடல்நலம் ஆகியவற்றைக் கொண்ட பாடத்திட்டம் என அவ்விண்ணப்பம் விரிகிறது.

அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றும் அதில் உண்டு. பம்பாய்ப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வை எழுதத் தனிமாணவர்களை அனுமதிப்பதைப் புலே வரவேற்கிறார். அந்த வாய்ப்பை இளங்கலை, முதுகலைத் தேர்வுகளுக்கும் நீட்டிக்க வேண்டும் என்று கேட்கிறார். பல காரணங்களால் கல்லூரிக்குச் செல்ல இயலாதவர் பலர் உள்ளனர். தாமே படிப்பதைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் அறிவு பரவும். உயர்கல்விக்காகப் பொதுப்பணத்தின் மீது விழும் சுமையும் குறையும் என்பது அவர் வாதம்.

இவ்விரண்டு கோரிக்கைகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். குழந்தைக்குக் கட்டாயமான, கண்காணிக்கப்படும், பொதுச் செலவில் நடக்கும் பள்ளி ஊரிலேயே வேண்டும். வளர்ந்தவருக்கு வளாகத்துக்கு வெளியேயும் தேர்வுவாயில் திறந்திருக்க வேண்டும். முதலாவது கோரிக்கை பொதுஇடத்தை உருவாக்குகிறது. இரண்டாவது, அப்பொதுஇடத்தை அடைய முடியாதவர்க்கு இழப்பீடு அளிக்கிறது. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாகப் புலே முன்வைக்கவில்லை. தனிப்படிப்பு மிச்சப்படுத்தும் பொதுப்பணத்தைப் பற்றிய அவர் கவலையும் தொடக்கக் கல்விக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்ற வாதத்தோடு இணைந்தது.

கால அட்டவணையின் அரசியல்

வீட்டிலிருந்து கற்றல் பெண்களைப் பொறுத்தவரை இருமுனைக் கத்தியாக இருந்தது. 1884-இல் ரானடே, பண்டார்கர், வில்லியம் வெட்டர்பர்ன் முதலியோரின் முயற்சியால் புனேயில் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. அது ஹுசூர்பாகா என்ற பெயரால் இன்றும் அறியப்படுகிறது. அப்பள்ளியின் ஆங்கிலப் பாடத்தையும் நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும் பள்ளி நேரத்தையும் திலகரைச் சார்ந்த இதழ்கள் கடுமையாக எதிர்த்தன. பெண் பிள்ளைகள் நாள் முழுவதும் பள்ளியில் இருந்தால் வீட்டுவேலை கற்பது எப்போது என்பது எதிர்ப்பின் சாரம். பள்ளி நேரத்தைக் குறைத்து வீட்டுக்கு ஏற்றதாக்குக என்ற குரல் பெண்ணின் நன்மையைக் காரணம் காட்டியே எழுந்தது.

ரானடேயின் மனைவி ரமாபாய் கணவரிடம் வீட்டிலேயே கல்வி கற்றவர். அவர் 1909-இல் புனேயில் சேவா சதனை நிறுவியபோது, வளர்ந்த பெண்கள் கூடி அமர்ந்து படிக்கும் வகுப்புகளை அமைத்தார். தாம் வீட்டில் கற்றதை மற்றவர்க்கும் வீட்டிலேயே வழங்குவது அவர் நோக்கமாக இல்லை. பண்டித ரமாபாயின் சாரதா சதன் 1890-இல் பம்பாயிலிருந்து புனேக்கு வந்தது. தோண்டோ கேசவ் கார்வே 1896-இல் விதவையர் இல்லத்தைத் தொடங்கி, பின்னர் நகருக்கு வெளியே ஹிங்கணேக்குக் கொண்டுசென்றார்; 1916-இல் பெண்கள் பல்கலைக்கழகம் அங்கிருந்தே பிறந்தது. குறிப்பாக விதவைப் பெண்ணுக்கு வீடு என்பதே சிறையாக இருந்த காலத்தில், கல்வியின் முதற்படி வீட்டைவிட்டு வெளியேறுதலாக இருந்தது. இவ்வனைவரும் உருவாக்கியவை தங்குமிடங்களும் கூடங்களும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டு: அரசு ஏற்ற தனித்தேர்வர்

விடுதலைக்குப் பின் தனித்தேர்வர் அரசின் நிரந்தர வகைமையானார். புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மகாராஷ்டிர மாநில இடைநிலை, மேல்நிலைக் கல்வி வாரியம் 1966-இல் செயல்படத் தொடங்கியது. பள்ளியில் தொடராதவர் தேர்வெழுத அது வழங்கும் ‘17-ஆம் எண் படிவம்’ மகாராஷ்டிரத்தில் வீட்டுக்கு வீடு அறிந்த சொல். படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்ற இளைஞர், மணமான பெண், தோல்விக்குப் பின் பல்லாண்டு கழித்துத் திரும்புவோர் ஆகியோர் அப்படிவத்தை நிரப்பி, ஒரு தொடர்பு மையப் பள்ளி வழியாகத் தேர்வெழுதினர். தமிழ்நாட்டில் தனித்தேர்வர்களைச் சார்ந்து டுடோரியல் கல்லூரிகள் தழைத்ததை இங்கு ஒப்புநோக்கலாம். இரவுப் பள்ளியும் டுடோரியலும் தனித்தேர்வரைச் சற்றே தனிமையிலிருந்து மீட்டன. ஒரே பெஞ்சில் நாலைந்து பேர் அமர்ந்தனர்.

1964–66 காலத்தில் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவின் உறுப்பினர் செயலராக இருந்தவர் ஜே. பி. நாயக். அக்குழு அருகமைப் பள்ளியையும் பொதுப் பள்ளி அமைப்பையும் வலியுறுத்தியது. பகுதிநேரக் கல்விக்கும் அஞ்சல்வழிக் கல்விக்கும் இடமளிக்கச் சொன்னதும் அதே குழுதான். புலேயின் இரு கோரிக்கைகளும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒரே ஆவணத்தில் இணைந்தமை தற்செயலாகத் தோன்றவில்லை. நாயக் நிறுவிய இந்தியக் கல்வி நிறுவனம் 1976-இல் புனேக்கு இடம்பெயர்ந்தது. அங்கிருந்து சித்ரா நாயக் தலைமையில் புனேயைச் சுற்றிய சிற்றூர்களில் முறைசாராக் கல்வி ஆய்வுத்திட்டம் நடைபெற்றது. பகலில் ஆடு மேய்த்தும் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டும் உழைத்த சிறுவர், குறிப்பாகச் சிறுமியர், மாலையில் கூடிப் படித்தனர். பள்ளிக்கு வெளியேயான கல்வி அங்கும் கூடுதலாகவே இருந்தது.

1979-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் திட்டமாகத் திறந்தநிலைப் பள்ளி தொடங்கி, 1989-இல் தன்னாட்சி பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகி, 2002-இல் இன்றைய பெயரை ஏற்றது. ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டுகள், ஒன்பது வாய்ப்புகள் என்ற அதன் விதி, தடைபட்டுத் தடைபட்டுப் படிக்கும் வாழ்வை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. இன்று தடையே அறியாத குடும்பத்துப் பிள்ளையும் அதே விதியின் நிழலில் நிற்கிறார்.

தொலைவிலிருந்து கற்பிக்கும் பொதுத்துறைக் கட்டமைப்பும் புனேயில் இருந்தது. இந்தியாவின் முதல் வணிகப் பயன்பாட்டுச் செயற்கைக்கோள் தரைநிலையம் 1970-களின் தொடக்கத்தில் புனே மாவட்டத்து ஆர்வியில் அமைந்தது. 1984-இல் நிறுவப்பட்ட ‘பால்சித்ரவாணி’ என்னும் மாநிலக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் தூர்தர்ஷனுக்காகச் சிறுவர் கல்வி நிகழ்ச்சிகளை மராத்தியில் தயாரித்தது. நிதி இன்றித் தேய்ந்த அந்நிறுவனத்தை அரசு 2017-இல் மூடியது. மூன்றே ஆண்டுகளில் பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டன. 2020 சூலையில் தூர்தர்ஷன் சஹ்யாத்ரியில் ‘டிலிமிலி’ என்ற பாடத்தொடரை ஒளிபரப்ப வேண்டி வந்தபோது, அதைத் தயாரித்தது எம்கேசிஎல் அறிவு அறக்கட்டளை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் திரட்டிய பொது அனுபவம் மிகவும் தேவைப்பட்ட தருணத்தில் கலைந்து போயிருந்தது.

வாயில் இடம் மாறுகிறது

வெளிநாடுகளில் இவ்வடிவம் வேறு பாதையில் வளர்ந்தது. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951-இல் தொடங்கிய வானொலிப் பள்ளி, பல நூறு மைல் தொலைவிலிருந்த பண்ணைப் பிள்ளைகளுக்கானது. அமெரிக்காவில் 1997-இல் தோன்றிய ஃபுளோரிடா மெய்நிகர்ப் பள்ளி அரசுடையது. 2006-இல் தொடங்கிய ஸ்டான்போர்டு இணையவழி உயர்நிலைப் பள்ளி, திறன்மிகுந்தோரைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கட்டணப் பள்ளி. தொலைவு என்ற காரணம் தேர்ச்சி என்ற காரணத்துக்கு இடம் கொடுத்ததை இவ்வரிசையில் காணலாம்.

இந்தியாவில் 2021 ஆகஸ்டில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மெய்நிகர்ப் பள்ளியும், 2022 ஆகஸ்டில் தில்லி அரசின் மெய்நிகர்ப் பள்ளியும் அறிமுகமாயின. முதலாவது யார் என்பதில் இரு தரப்பும் பொதுவெளியில் முரண்பட்டன. புனேக் குடும்பங்களைத் தனியார் இணையவழிப் பள்ளிகளும் இதே காலத்தில் அணுகின. 2017–18-ஆம் ஆண்டுத் தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆம் சுற்றுப்படி, இணைய வசதி பெற்றிருந்த வீடுகள் நகரங்களில் ஏறத்தாழ 42 விழுக்காடு, ஊரகங்களில் 15 விழுக்காடு. 17-ஆம் எண் படிவத்தை நிரப்பியவருள் பெரும்பாலோர் எவ்வகை வீடுகளிலிருந்து வந்தனர் என்பதை இந்த எண்களுக்கு அருகில் வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

தனித்தேர்வர் என்ற நிலையின் மதிப்பு எவ்வளவு நொய்ம்மையானது என்பதை 2021 காட்டியது. அவ்வாண்டு பொதுத்தேர்வுகள் கைவிடப்பட்டன. பள்ளிகளில் பயின்றோர்க்கு முந்தைய மதிப்பெண்களையும் பள்ளியின் உள்மதிப்பீட்டையும் கொண்டு முடிவுகள் வெளியாயின. மத்திய வாரியத்தின் தனித்தேர்வர்களோ ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நேரில் சென்று தேர்வெழுத வேண்டியிருந்தது. அவர்களுக்காகச் சான்று கூற ஒரு பள்ளி இல்லை. தேர்வு நின்றுபோன கணத்தில், பள்ளி என்பது பாடம் நடத்தும் இடம் மட்டுமன்று, மாணவரை அறிந்து அவருக்காகப் பேசும் சாட்சியும் ஆகும் என்பது வெளிப்பட்டது. தனியார் இணையவழிப் பள்ளி தன் மாணவரை நன்கு அறிந்திருக்கலாம். அதன் சாட்சியத்தைத் தேர்வு அமைப்பு கேட்குமா என்பதே கேள்வி. கட்டணம் வாங்கும் பள்ளி இருந்தும் மாணவர் தனித்தேர்வராகவே நிற்பது, முன்னர்ச் சொன்ன இரண்டு ‘தனி’களின் சந்திப்பால் விளையும் விசித்திரம்.

இதைவிடப் பெரிய மாற்றம் வாயிலின் திசையில் நேர்ந்துள்ளது. தனித்தேர்வு என்ற வாயில் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் உள்ளே வருவதற்காகத் திறக்கப்பட்டது. இன்று பள்ளிக்குள் இருக்க வாய்ப்புள்ளவர் வெளியே செல்வதற்கும் அது பயன்படுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(இ) பிரிவு, தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்குகிறது. இடத்தின் அருகமையை அடிப்படையாகக் கொண்ட அவ்வொதுக்கீடு, அருகமை என்ற ஒன்றே இல்லாத பள்ளிக்கு எவ்வாறு பொருந்தும்? கட்டடம் வேண்டும் என்ற விதியைப் பழமைவாதம் என்று எள்ளுவோர் இதை எண்ண வேண்டும். அவ்விதிக்குள் வேலியும் கழிப்பறையும் மட்டும் இல்லை; யார் யாரோடு அமர வேண்டும் என்ற கேள்வியும் உள்ளது.

இதற்கு எதிர்வாதம் உண்டு; அது வலுவானது. வகுப்பறை தன்னளவில் சமத்துவம் தருவதில்லை. தனிப் பானையும் தனி வரிசையும் வகுப்பறைக்குள்தான் இருந்தன. சாதி இழிவையோ உடற்குறைக்கான ஏளனத்தையோ தாங்கமாட்டாத குழந்தைக்குத் திரை ஓர் அரணாகலாம். இதை மறுக்க இயலாது. ஆயினும் அந்த இழிவை நாம் அறிந்ததும் அதற்கெதிராகச் சட்டம் இயற்றியதும் அது பொதுஇடத்தில் நிகழ்ந்ததால்தான். அரண் தேவைப்படும் குழந்தைக்கு அது கிடைக்கட்டும். அரணின் செலவைத் தாங்கும் குடும்பத்துக்கு மட்டும் அது கிடைப்பதுதான் சிக்கல். புலேயின் சொற்பொருளில் கூறினால், இரண்டாம் கோரிக்கையும் பொதுச் செலவைச் சார்ந்தே முழுமை பெறும்.

ஆய்வாளர்க்கு ஒரு சொல்

நம் துறைக்கு நேரடியாகத் தொடர்புடைய சிக்கலும் இதில் உள்ளது. தனித்தேர்வர்கள் ஆவணக் காப்பகத்தில் மிக மெல்லிய தடம் பதித்தவர்கள். தேர்வு முடிவுப் பட்டியலில் ஓர் எண்ணாகவே அவர்கள் எஞ்சுகின்றனர். எங்கே படித்தனர், யாரிடம் படித்தனர் என்பதைக் குடும்ப நினைவும் தன்வரலாறுகளுமே சொல்கின்றன. புலே பள்ளிகளைப் பற்றி நாம் இவ்வளவு அறிந்திருப்பது, அவை ஆய்வாளரும் இதழாளரும் எதிரிகளும் வந்து பார்க்கக்கூடிய இடங்களாக இருந்தமையால். இணையவழிப் பள்ளியின் வருகைப்பதிவும் கட்டுரையும் விவாதமும் ஒரு நிறுவனத்தின் வழங்கிகளில் உள்ளன. நிறுவனம் விற்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ அவற்றின் கதி என்ன? பள்ளிப் பதிவேடுகளைப் பாதுகாக்கும் கடமை கட்டடத்தோடு பிணைந்திருந்தது. கட்டடமற்ற பள்ளிக்கு அதற்கு நிகரான கடமையை வகுக்க வேண்டும். இது பள்ளிக் கல்வித் துறையின் பணி மட்டுமன்று. வரலாற்றாளரின் கோரிக்கையாகவும் எழ வேண்டும்.

பிடேவாடா பல்லாண்டுகள் சிதைந்து கிடந்து, நீண்ட வழக்குக்குப் பின் தேசிய நினைவிடம் எழுப்புவதற்காக 2023 திசம்பரில் இடிக்கப்பட்டது. கட்டடம் போனாலும் அப்பள்ளியின் மாணவி எழுதிய கட்டுரை நம் கையில் உள்ளது. இன்றைய இணையவழிப் பள்ளி மாணவி ஒருத்தி தன் ஊரின் துயரைப் பற்றி எழுதும் கட்டுரை அவளுடைய ஆசிரியரைத் தாண்டி யாரைச் சென்றடையும், எங்கே எஞ்சும் என்பதை இப்பள்ளிகளை ஆராய முற்படும் இளம் ஆய்வாளர்கள் தம் முதல் வினாக்களுள் ஒன்றாகக் கொள்ளலாம். தமிழ்நாட்டின் டுடோரியல் கல்லூரிகள், தனித்தேர்வர்கள் பற்றிய குடும்ப நினைவுகளோ ஆவணங்களோ உடையவர்கள் பின்னூட்டத்தில் பகிர்ந்துகொண்டால், புனேயின் வரலாற்றை நம் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.